தொந்தி போட்ட சுவர்

செப்டம்பர் 27, வியாழன்

எபனேசர் வந்தான். பாளையங்கோட்டையில் வேறு எஞ்சினியரே இல்லை போலிருக்கிறது, இவர் போய் அவனைத்தான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியவன். முப்பத்தைந்துக்கு மேல் வந்த அந்த மூன்று மார்க்கும் நான் பாவம் பார்த்துப் போட்டது. அவன் இப்போது கட்டடங்களுக்கு ஆயுசு சொல்கிறானாம்.

என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டான். "டீச்சர், சொகமா இருக்கியளா?" என்று கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது. தலை நரைத்தும் பயம் போகவில்லை. நான் ஒழுங்காகப் பாடம் நடத்தியிருக்கிறேன் என்று அர்த்தம்.

மேற்குச் சுவரைப் பார்க்கத்தான் வந்தான். மாமனார் கட்டிய இரண்டு மாடிச் சுவர். சந்துப் பக்கம் நின்று பார்த்தால் நடுவில் தொந்தி போட்டிருக்கும். உள்ளே மாடி ஜன்னல் மூலையில் ஆரம்பித்த விரிசல் கீழே பெரிய அறை வரைக்கும் இறங்கியிருக்கிறது. மொட்டை மாடியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்துவிட்டு, "நடுவுல ரெண்டரை அங்குலம் வெளிய தள்ளியிருக்கு டீச்சர்" என்றான். இதைச் சொல்லக் குண்டு எதற்கு? சந்தில் போகிற மாடுகூடச் சொல்லும்.

மழைத் தண்ணீர்க் குழாய் உடைந்து வருஷக்கணக்காகச் சுவருக்குள்ளேயே ஒழுகியிருக்கிறதாம். சுவருக்கு உள்தோல், வெளித்தோல் என்று இரண்டு உண்டாம். இரண்டும் பிரிந்து நடுவில் கலவை மண்ணாகியிருக்கலாம் என்றான். 'லாம்' என்று முடிகிற பதிலுக்கு நான் மார்க் போடுவதில்லை.

அப்புறம் ஒரு கூத்து. விரலகலத்தில் மூன்று கண்ணாடித் துண்டுகளை எடுத்து விரிசலுக்குக் குறுக்கே வெள்ளைச் சிமெண்ட் வைத்து ஒட்டினான். மாடியில் ஒன்று, பெரிய அறையில் இரண்டு. ஒவ்வொன்றின் மேலும் மை பேனாவால் 27.9 என்று எழுதினான். எதற்கென்று இவரிடம் விளக்கிக்கொண்டிருந்தான். நான் காப்பி போட உள்ளே போய்விட்டேன். போகும்போது, "ஒரு மாசம் பாத்துட்டு என்ன செய்யணும்னு சொல்லுதேன் டீச்சர்" என்றான்.

ஒரு மாதத்துக்குப் பிறகு இரண்டே வழிதானாம். ஒன்று, பெரிய அறை முழுக்க முட்டுக் கட்டை நட்டுத் தாங்கி, வெளித்தோலைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. மூன்று மாதம் ஆகும். இன்னொன்று, விரிசலில் மட்டும் ஆங்காங்கே செங்கலை எடுத்துக் கம்பி வைத்துப் புதுக்கல் கட்டுவது. கொத்தனார்கள் இதைத் தையல் என்கிறார்கள். இரண்டு வாரத்தில் முடியும்.

நவம்பர் 18 அதே பெரிய அறையில் என் மகள் செண்பகாவுக்கு நிச்சயதார்த்தம். முப்பது வயது முடிந்த பெண்ணுக்கு ஐந்தாவதாக வந்து அமைந்த இடம். பெண் வீட்டில் வைத்துத்தான் தட்டு மாற்றவேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருக்கிறாள். முட்டுக் கட்டைகளுக்கு நடுவில் சம்பந்திகளை உட்காரவைக்க முடியுமா? தையல்தான். அதை நான் இன்றே முடிவு செய்துவிட்டேன். எபனேசர் ஒரு மாதம் யோசிக்கட்டும்.

செப்டம்பர் 28, வெள்ளி

இவர் சாப்பிடும்போது ஆரம்பித்தார். "ஏளா, அந்தக் கண்ணாடி என்னத்துக்குன்னா, அது ஒடஞ்சுதுன்னா..."

"ஒடஞ்சா வேற வாங்கிக்கிடலாம். மொதல்ல ரசத்த ஊத்துங்க" என்றேன்.

கூட்டுறவு வங்கியில் முப்பத்துநான்கு வருஷம் கிளார்க்காக இருந்தவர். எந்த விஷயத்தையும் விண்ணப்பப் படிவம் மாதிரி பெயர், ஊர், தகப்பனார் பெயரிலிருந்து தொடங்குவார். யாருக்கு நேரமிருக்கிறது?

அக்டோபர் 2, செவ்வாய்

தரகர் சண்முகவேலு போன். ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வீட்டைப் பார்க்க வருகிறாளாம். கூடவே ஒரு தகவலும் சொன்னார்: "டீச்சரம்மா, அவிய சகுனம் ரொம்பப் பாப்பாவ. அம்பாசமுத்திரத்துல ஒரு பொண்ணு வீட்டுல கண்ணாடி கீறியிருந்துச்சுன்னு காப்பிகூடக் குடிக்காம எந்திரிச்சு வந்துட்டாவ. பாத்துக்கிடுங்க."

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால் பூனைக்கு வேலை இருக்கிறது என்று நினைப்பவள் நான். ஆனால் தென்காசிக்காரியின் மூடத்தனத்துக்கு என் பெண்ணா பலியாகவேண்டும்?

அக்டோபர் 5, வெள்ளி

பெரிய அறையைத் துடைக்கும்போது பார்த்தேன். எபனேசர் ஒட்டிய இரண்டு கண்ணாடியில் ஒன்று நடுவில் கீறிக்கிடந்தது. அவன் ஒட்டின லட்சணம்! எட்டு நாள் நிற்கவில்லை.

நாளை மறுநாள் அந்த அம்மாள் வந்து உட்காரப்போகும் சோபாவுக்கு நேர் எதிரே கீறின கண்ணாடி. நல்ல நேரம் பார்த்தான் கண்ணாடி ஒட்ட. தெற்குபஜாரில் படத்துக்குச் சட்டம் போடும் கடைக்குப் போய் அதே அளவில் ஒரு துண்டு வெட்டி வாங்கினேன். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை வெள்ளைச் சிமெண்ட் வைத்து ஒட்டினேன். அவனைவிட நேராக. மேலே 27.9 என்று எழுதினேன். அவன் கோழிக் கிறுக்கலை அப்படியே எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் தகப்பனார் பெயரிலிருந்து தொடங்குவார்.

அக்டோபர் 7, ஞாயிறு

வந்தாள், பார்த்தாள், மூன்று சுசியம் தின்றாள், போனாள். சுவரில் இருந்த கண்ணாடியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வீடு நல்லா விசாலமா இருக்கு, இங்கயே வச்சுக்கிடுவோம்" என்றாள். பேச்சில் ஆடம்பரம் இல்லை. கழுத்தில் இருந்தது.

செண்பகாவுக்குக் கோயம்புத்தூருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அம்மா, உண்மையாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். நாலு இடம் தட்டிப்போனதில் பெண்ணுக்கு நம்பிக்கையே போய்விட்டது. அவள் அழுகிற மாதிரி இருந்ததால் போனை வைத்துவிட்டேன். நானும் சேர்ந்து அழுதால் யார் வேலையைப் பார்ப்பது?

அக்டோபர் 13, சனி

நல்ல மழை. கொடியில் போட்டது எதுவும் காயவில்லை. மாவு புளித்துவிட்டது.

அக்டோபர் 19, வெள்ளி

பூஜைக்கு எடுத்துவைத்த புத்தகங்களை இன்று திருப்பி அடுக்கும்போது அதே கண்ணாடி மறுபடி கீறியிருப்பதைப் பார்த்தேன். இந்தத் தடவை நான் ஒட்டினது, ஆகவே ஒட்டினவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. கண்ணாடி சரியில்லை. சட்டம் போடுகிறவன் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டான்.

திரும்பப் போனேன். "டீச்சர் வீட்டுல எத்தன படம் ஒடையுது?" என்று சிரித்தான். கனமான கண்ணாடி கேட்டு வாங்கி வந்தேன். இவர் மாவு அரைக்கப் போயிருந்த நேரத்தில் ஒட்டிவிட்டேன். எழுத்து இந்தத் தடவை எபனேசர் எழுதினதைப்போலவே வந்துவிட்டது. கையெழுத்துப் போலி செய்கிறவர்கள் இதற்கா ஜெயிலுக்குப் போகிறார்கள்? இவ்வளவு சுலபம்.

அக்டோபர் 25, வியாழன்

எபனேசர் தூத்துக்குடியிலிருந்து இவருக்குப் போன் செய்தான். கண்ணாடி எப்படி இருக்கிறதென்று கேட்டானாம். இவர் எழுந்து போய் மூன்றையும் பார்த்துவிட்டு வந்து, "நல்லா இருக்குய்யா, ஒண்ணும் ஆகல" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சுவருக்கு வைத்தியம் பார்க்கிறவன் கண்ணாடியை விசாரிக்கிறான், இவர் அதற்குச் சந்தோஷப்படுகிறார். ஆண்பிள்ளைகளுக்கு உத்தியோகம் போனபிறகு இப்படித்தான் ஏதாவது வேண்டும்.

அக்டோபர் 28, ஞாயிறு

காலையிலிருந்து கொட்டுகிறது. நாளை எபனேசர் வருகிறான். இவர் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, கேட்காமலே விளக்கினார்.

"இன்னைக்காவது முழுசாக் கேளுளா. சுவர் அசையுதா நின்னுட்டான்னு நம்ம கண்ணுக்குத் தெரியாதுல்லா. கண்ணாடி வளையாது. விரிசல் ஒரு நூல் விரிஞ்சாக்கூடக் கண்ணாடி கீறிரும். கீறுச்சுன்னா சுவர் இன்னும் போய்க்கிட்டே இருக்குன்னு அர்த்தம். அப்ப முட்டுக் குடுக்காம ஒரு கல்லத் தொடக்கூடாதுன்னு எபனேசர் கண்டிப்பாச் சொல்லிட்டான். நம்ம கண்ணாடி ஒரு மாசமா ஒடையலல்லா? சுவர் நின்னுட்டு. தையலே போதும்!"

ஏதோ இவரே தாங்கிப் பிடித்து நிறுத்தின மாதிரி சிரித்தார்.

எனக்குத் தெரியாததா? முப்பத்தோரு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் ஒரு சுவரின் கதியை ஒரு துண்டுக் கண்ணாடியை வைத்துத் தீர்மானிப்பது என்ன விஞ்ஞானம்? வெயிலில் கீறலாம். கதவை அறைந்தால் கீறலாம். சட்டம் போடுகிறவனின் மட்டச் சரக்கு தானாகவே கீறலாம். முப்பத்தெட்டு மார்க் மூளைக்குத் தோன்றுகிற வழி இது.

மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பெரிய அறையிலும் பார்த்தேன். மழை நிற்கிற மாதிரி தெரியவில்லை.

அக்டோபர் 29, திங்கள்

காலையில் கடைத்தெருவுக்குப் போய்வந்தேன். பூ வாங்க மறந்துவிட்டேன். மத்தியானம் வரைக்கும் பெரிய அறையிலும் மாடியிலும் மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தேன். "மழைக் குளிர்ல எதுக்குளா ஃபேன்?" என்று இவர் துண்டைப் போர்த்திக்கொண்டு கேட்டார். ஈரவாடை அடிக்கிறது என்றேன்.

நாலு மணிக்கு எபனேசர் வந்தான். கூடவே மாசானம் என்று ஒரு கொத்தனார். கண்ணாடிகள் மூன்றும் நன்றாக இருந்தன. எபனேசர் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "சுவர் அசையல டீச்சர். முட்டு வேண்டாம், தையல் போட்டுரலாம்" என்றான். பள்ளிக்கூடத்தில் விடை சரியாக வந்த நாளில்கூட அவன் முகம் அப்படி மலர்ந்ததில்லை. வந்த நாட்களும் குறைவுதான்.

கொத்தனார்தான் முறைத்துக்கொண்டு நின்றார். கரணைக் காம்பால் சுவரை அங்கங்கே தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "பொக்குன்னு கேக்கு சார். எனக்கு முட்டு இல்லாம கைவைக்க மனசில்ல" என்றார். அப்புறம் கண்ணாடி ஓரத்துச் சிமெண்டை நகத்தால் லேசாகக் கீறிவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, இந்தச் சிமெண்டு..."

"கொத்தனாரே, ஒம்ம வேலை சுவரு. கண்ணாடியப் பாக்க எஞ்சினியர் வந்திருக்காரு" என்றேன். எபனேசரைப் பார்த்து, "முட்டுக் கட்டை வாடகைக்கு விடுறவன் இவருக்குச் சொந்தக்காரனா?" என்றும் கேட்டேன். எபனேசர் சிரித்தான். கொத்தனார் சிரிக்கவில்லை.

நாளை மறுநாள் வேலை ஆரம்பம்.

அக்டோபர் 31, புதன்

சந்தில் சாரம் கட்டினார்கள். மாசானமும் அவர் மனைவி செல்லக்கனியும்தான். அவள் கீழே கலவை போட்டுக் கொடுக்கிறாள். நிமிஷத்துக்கொரு தடவை மேலே அண்ணாந்து, "பாத்து நில்லுங்க, பாத்து நில்லுங்க" என்கிறாள். ஏதோ புருஷன் மலையேறப் போயிருக்கிற மாதிரி. இரண்டு தடவை டீ கொடுத்தேன்.

நவம்பர் 1, வியாழன்

எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. அஜீரணம்.

ஜன்னல் வழியாக மாசானத்திடம், "மாடி ஜன்னல் பக்கத்த இன்னைக்குத் தொடாதீரும், கீழ மொதல்ல முடிச்சிரும்" என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். சத்தம் தாங்கவில்லை என்றேன். "சாயந்தரத்துக்குள்ள கீழ முடிஞ்சிரும். நாளைக்கு மேலதான் ஏறணும்" என்றார். சொல்லவேண்டியது இருந்தால் எஞ்சினியரிடம் சொல்லவேண்டும்; ஜன்னல் வழியாகக் கொத்தனாரிடம் என்ன பேச்சு? எபனேசருக்குப் போன் செய்ய எடுத்தேன். என்னவென்று சொல்வது? முப்பத்தெட்டு மார்க்காரனிடம் போய் நான் தப்புச் செய்துவிட்டேன் என்றா?

நிச்சயதார்த்தத்துக்குப் பதினேழு நாள் இருக்கிறது. அறுபது வருஷம் நின்ற சுவர் பதினேழு நாள் நிற்காதா?

நவம்பர் 3, சனி

பதினொரு மணிக்கு விழுந்தது.

நான் அடுக்களையில் இருந்தேன். மூட்டை சரிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பெரிய அறைக்கு ஓடினேன். அங்கே ஒரு படம்கூடச் சாயவில்லை. உள்தோல் அப்படியே நின்றது. எல்லாம் பிரமை என்று நினைத்தேன். அப்போதுதான் செல்லக்கனியின் குரல் கேட்டது.

வெளித்தோல் மொட்டை மாடியிலிருந்து தரை வரைக்கும் உரிந்து சந்தில் கிடந்தது. சாரம் நொறுங்கி அதற்குள் கிடந்தது. செல்லக்கனி தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனதால் தப்பித்தாள். குடத்தைப் போட்டுவிட்டு வந்து வெறும் கையால் செங்கலை வாரி வீசிக்கொண்டிருந்தாள். "எய்யா, சத்தம் குடுங்க, எய்யா" என்று மண்ணுக்குள்ளே கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், இவர், எல்லாரும் சேர்ந்து மாசானத்தை வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே கால் மாதிரி இல்லை.

நான் ஒரு செங்கலையும் எடுக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து எழுதிக்கொண்டு போனார். ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நவம்பர் 4, ஞாயிறு

தென்காசியிலிருந்து சம்பந்தியம்மாள் போன். இடம் போயிற்று என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"சுவர்தான மயினி விழுந்துது, பொண்ணுக்கு ஒண்ணுமில்லல்லா? எங்க வீட்டுல வச்சுத் தட்டு மாத்திக்கிடுவோம். அந்தக் கொத்தனாருக்கு எப்பிடி இருக்கு, பாவம்?"

சகுனம் பார்ப்பீர்களே என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். "யாரு, சண்முகவேலு சொன்னானா? அம்பாசமுத்திரத்துக் கண்ணாடிக் கதையா? அந்தப் பொண்ணுக்கு வேற ஒரு பையன் மேல இஷ்டம். எங்கிட்டத் தனியாச் சொல்லி அழுதுச்சு. வெளிய எதாவது ஒரு சாக்குச் சொல்லணும்லா, அதான் கண்ணாடி மேல பழியப் போட்டேன்."

அவளே தொடர்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு மயினி. ஒங்க பேர்ல கேஸ் கீஸ்னு ஒண்ணும் வராதுல்லா? எங்க வீட்டுக்காரவ அதுக்கு மட்டுந்தான் யோசிக்காவ."

வராது என்றேன்.

நவம்பர் 5, திங்கள்

பெரியாஸ்பத்திரிக்கு இட்லி எடுத்துக்கொண்டு போனேன். மாசானத்தின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எபனேசர் அங்கேதான் இருந்தான். மூன்று நாளும் அங்கேதான் இருக்கிறானாம். செல்லக்கனி எல்லார் முன்னாலும் அவனை ஏசிக்கொண்டிருந்தாள். "முட்டு வேணும்னு அவிய தலப்பாடா அடிச்சுக்கிட்டாவளே, கேட்டியா நீ? படிச்சவன்னு திமிரு! சாரத்துல ஏறி வேலை செஞ்ச மனுசன் இனி எதுல ஏறுவாவ? சொல்லு!" எபனேசர் கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றான். என் வகுப்பில் அப்படித்தான் நிற்பான். நான்தான் அப்படி நிற்கப் பழக்கினேன்.

இட்லிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு செல்லக்கனி என் கையைப் பிடித்தாள். "வீடு இடிஞ்சு கெடக்கு, அதோட எங்களப் பாக்க வந்தியளே டீச்சரம்மா. ஒங்களுக்கு நல்ல மனசு." கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் நகங்கள் எல்லாம் பெயர்ந்திருந்தன.

எபனேசர் மருந்து வாங்கப் போனபோது மாசானம் கண்ணைத் திறந்தார். செல்லக்கனிக்குக் கேட்காமல் மெதுவாகப் பேசினார்.

"அந்தச் சிமெண்டு மாவா இருந்துச்சு டீச்சரம்மா. ஒரு மாசம் ஆன சிமெண்டு நகத்துல வராது. தெருவுல எறங்கினதும் எஞ்சினியர் சார்கிட்டச் சொன்னேன். 'டீச்சர் வீட்டுல அப்பிடியெல்லாம் நடக்காது, அவங்க பொய்யே சொல்லமாட்டாங்க'ன்னுட்டாரு. அவ்வளவு உறுதியாச் சொன்னாரு. அதான் நானும் ஏறிட்டேன்."

குற்றம் சொல்கிற குரலில்கூட இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். சாப்பிட்டீர்களா என்று!

நவம்பர் 6, செவ்வாய்

தீபாவளி. எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை.

நவம்பர் 7, புதன்

இவர் கேட்டுவிட்டார். சட்டம் போடுகிறவன் கடைத்தெருவில் பார்த்து, "டீச்சர் வாங்கிட்டுப் போன கண்ணாடியெல்லாம் ஒடஞ்சிட்டா சார்?" என்று விசாரித்தானாம்.

"நீயா காந்தி?" என்றார். ஏளா என்று கூப்பிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"ஆமா. ரெண்டு தடவ. எதுக்குன்னு தெரியாம மாத்திட்டேன்" என்றேன்.

ஊஞ்சலில் உட்கார்ந்தார். "நான் மொத நாளே சொல்ல வந்தேன்லா" என்றார். "நீ ரசம் கேட்ட." கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இந்த மனிதருக்குக் கோபப்படக்கூடத் தெரியாது. அதையும் நான் முப்பத்தைந்து வருஷம் கேலிதான் செய்திருக்கிறேன்.

நவம்பர் 8, வியாழன்

எபனேசர் வந்தான். தாடி முளைத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நாளைக்கி ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன் டீச்சர். கண்ணாடிய நான் தப்பாப் பாத்துட்டேன், முட்டு இல்லாம வேலையத் தொடங்கச் சொன்னது நான்தான்னு. ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. லைசென்ஸ் போவும். போனாப் போவுது."

சொல்லிவிட்டு நின்றான். போகவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் சொல்லவேண்டிய இடம் அதுதான். எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.

"காப்பி குடிக்கியா?" என்றேன்.

"வேண்டாம் டீச்சர்" என்றான். போய்விட்டான். எத்தனை கீழ்த்தரமான வாய் இது. பிள்ளைகளை முட்டாள், மக்கு, தடியன் என்று சொல்ல மட்டும் எப்போதும் தயாராக இருந்தது.

சாயங்காலம் செண்பகாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எத்தன தடவைம்மா?" என்று கேட்டாள்.

"ரெண்டு" என்றேன்.

"தெரியாமத்தான செஞ்ச?"

"நீ சாப்பிட்டியா?" என்றேன். எனக்குப் பிறந்தவள் அல்லவா, கணக்கு அவளுக்கும் வரும். "நீ செய்யவேண்டியதச் செய்யும்மா. எனக்காகன்னு இனி எதையும் செய்யாத" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 9, வெள்ளி

ஒன்பது மணிக்கே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன், எபனேசர் வருவதற்கு முன்னால். இவரும் வந்தார். வரவேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அவர் என் பேச்சைக் கேட்காதது நல்லதாகப் போயிற்று.

அன்றைக்கு வந்த அதே ஏட்டு. நான் சொல்லத் தொடங்கினேன். அவர் முழுதாகக் கேட்கவில்லை. "கண்ணாடிய மாத்தினியளா? சரிம்மா, அதுக்கு என்ன இப்ப?" என்றார். சுவர் அசைகிறதா என்று காட்டுகிற கண்ணாடி என்று விளக்கினேன். "எம்மா, விழுந்தது சுவரு. நீங்க கண்ணாடியப் பத்திச் சொல்லுதிய. வயசானவிய, பயந்து போயிருக்கிய. வீட்டுக்குப் போங்க. சார், அம்மாவக் கூட்டிட்டுப் போங்க. எஞ்சினியர் வந்து எழுதிக் குடுக்கேன்னு சொல்லியிருக்காரு, அது போதும்."

முப்பத்தோரு வருஷம் நான் பேசினால் ஒரு வகுப்பே மூச்சுவிடாது. இந்த ஆள் பேசிக்கொண்டே பல்லைக் குத்துகிறார். ஒருவர் சொல்லவருவதை முழுதாகக் கேட்காமல் விரட்டினால் அது எப்படி இருக்கும் என்று எனக்கு அறுபத்தொரு வயதில்தான் தெரிகிறது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். நீங்கள் எழுதுகிற வரைக்கும் எழுந்திருக்கமாட்டேன் என்றேன். பத்து மணி ஆயிற்று. பத்தரைக்கு எபனேசர் வந்தான். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"டீச்சர், நீங்க எதுக்கு..."

"நீ ஒண்ணும் எழுதாத. நீ பாத்தது சரிதான். கண்ணாடி கீறாம இருந்தா முட்டு வேண்டாம்னு சொன்னது சரிதான். நான்தான் ஒனக்குத் தப்புக் கண்ணாடியக் காட்டினேன்" என்றேன்.

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நாற்பது வயதுக்கு மேலே ஒரு ஆண் ஸ்டேஷன் வாசலில் நின்று அழுவதைப் பார்த்த பிறகுதான் ஏட்டு குச்சியைக் கீழே போட்டார். பேனாவை எடுத்தார். பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் கேட்டு எழுதினார். பொறுமையாகச் சொன்னேன்.

"எத்தன தடவம்மா மாத்தினிய?"

பக்கத்தில் இவர் இருந்தார். எதிரே எபனேசர் இருந்தான்.

"மூணு தடவ" என்றேன். "மொத ரெண்டு தடவ ஒரு கண்ணாடி. மூணாவது தடவ மூணு கண்ணாடியும் ஒரே நாள்ல கீறியிருந்துச்சு. மூணையும் மாத்தினேன். அது எதுக்குன்னு தெரிஞ்சுதான் மாத்தினேன். முந்தின நாளே இவிய எனக்குச் சொல்லிட்டாவ."

இவர் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. நான் திரும்பவில்லை.

ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இப்போது பரிதாபப்பட்டுத்தான் பேசினார். "எம்மா, இந்தக் கடைசி விஷயத்த எழுதினா ஒங்க மேல கேஸாயிரும். தெரியாமச் செஞ்சேன்னு போட்டுக்கிடட்டுமா?"

"அதைத்தான் எழுதணும்" என்றேன். எழுதினார். வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.